காட்டு ரயிலில் பெரியம்மாவோடு

வாழ்க்கையில் ஒரு முறையாவது மங்கோலியாவுக்கு ரயிலில் போய்விட வேண்டும் என்று ஆசைப்படும் இளையவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். நான் பேசும் வானொலி நிகழ்ச்சியில் விடுமுறைத் திட்டங்களைப் பற்றிக் கேட்டால் பாலி, கொரியாவுக்கு அடுத்தபடியாக இந்தப் பதில் வந்து விழுகிறது. மாஸ்கோவில் ஏறி, சைபீரியாவைக் கடந்து, உலான்பாத்தார் வழியாக பெய்ஜிங்கில் இறங்கும் 7,600 கிலோமீட்டருக்கும் அதிகமான பாதை அது. ஆறு நாள் பயணம். நடுவே இறங்கி, புல்வெளியில் குதிரையும் ஆடும் மேய்க்கும் நாடோடிக் குடும்பத்தோடு வட்டக் கூடாரத்தில் தங்கிவிட்டு மறுபடியும் ரயில் ஏறலாம். கேட்கவே இனிக்கிறது.

ஆனால் பணமும் விடுப்பும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நம் நாட்டிலேயே அதற்கு ஒரு தங்கச்சி இருப்பது பலருக்குத் தெரியவும் தெரியாது. நெகிரி செம்பிலானின் கிம்மாசில் தொடங்கி, பகாங்கின் நடுக்காட்டை ஊடுருவி, கிளந்தானின் தும்பாட் கடற்கரையில் முடியும் 526 கிலோமீட்டர் கிழக்குக்கரைப் பாதைதான் அது. 'காட்டு ரயில்' என்பது அதன் செல்லப்பெயர். தலைமுறை தலைமுறையாக ஓர் இடத்தில் நிலைக்காமல் காட்டுக்குள் நடமாடி வாழ்ந்த மக்கள் அந்தப் பாதையின் ஓரங்களில் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த ரயிலில் நான் என் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனேன்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம்

பெரியம்மாவுக்கு வயது 72. பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் தனியாக இருக்கிறார். 14 வயதில் பால்மரம் வெட்டப் போனவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது உதிரிப் பழம் பொறுக்கினார், உரம் போட்டார், மருந்தடித்தார். பெரியப்பா அந்த வீட்டில்தான் இறந்தார். ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்யுமாறு இந்த வருடம் கடிதம் வந்தது. பூச்சோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் அண்ணன், "வந்துடுங்கம்மா" என்று தினமும் கூப்பிடுகிறார். பெரியம்மா 'வர்றேன்' என்றும் சொல்லவில்லை, 'வரமாட்டேன்' என்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் அவரை அந்த யோசனையிலிருந்து வெளியே கொண்டுவரலாம் என்று நினைத்தேன். "ரயில்ல ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா பெரியம்மா?" என்று கேட்டேன். "எங்கே?" என்றுகூடக் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டார்.

கோல சிலாங்கூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ரயில் என்பதே தூரம்தான். இப்போது எங்கள் மாவட்டத்துக்குப் பயணிகள் ரயில் கிடையாது. காரில் ரவாங் போய், அங்கிருந்து கொமுட்டர் பிடித்துக் கோலாலம்பூர் சென்று, மின்ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் கிம்மாஸ். அங்கே மின்கம்பிகளிடம் விடைபெற்று டீசல் ரயிலுக்கு மாற வேண்டும்.

மரத்தின் வயதைச் சொன்னவர்

கிம்மாசை விட்டு வடக்கே திரும்பியதும் ஒற்றைத் தண்டவாளம். பகாவ், திரியாங், மெந்தகாப் என்று சின்னச் சின்ன ஊர்கள். பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகும் மக்சிக்களும் ஏறி இறங்குகிறார்கள். காடு வருமென்று ஜன்னலில் கண்ணை ஒட்டிவைத்திருந்த எனக்கு முதல் சில மணி நேரம் தெரிந்ததெல்லாம் செம்பனைதான்.

பெரியம்மா அதைப் படித்துக்கொண்டே வந்தார்.

"இது புதுசா நட்டது, மூணு வருஷம் இருக்கும். இதோ இது இருவது தாண்டிடுச்சு. கத்தி எட்டாது, கம்பு கட்டித்தான் வெட்டணும். இந்த பீல்டுல உரம் போடவே இல்ல பாரு பாப்பா, மட்டை எல்லாம் மஞ்சளா இருக்கு."

நமக்கு ஒரே பச்சையாகத் தெரிவது அவருக்கு வயதும் நோயும் கூலியுமாகத் தெரிகிறது.

இந்த மரத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனை, மலாயாவில் முதலில் அழகுக்காக வளர்க்கப்பட்ட மரம். வணிகத்துக்காக அது முதன்முதலில் நடப்பட்டது 1917இல், அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் தென்னமாரம் தோட்டத்தில். நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே. தோட்டத்தின் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தமிழ் தானாகக் கேட்கும். மலேசியாவின் செம்பனைத் தொழில் மொத்தமும் நம் வடக்குச் சிலாங்கூரில் வேர்விட்டது என்பதை எங்கள் பள்ளிப் பாடத்தில் யாரும் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பெரியம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். "அப்போ இவ்வளவு தூரம் வந்தது நம்ம மரம்னு சொல்லு" என்றார்.

தண்டவாளம் போன இடம்

ஜெராண்டுட் தாண்டியதும் காடு நெருங்குகிறது. தாமான் நெகாரா என்ற 4,343 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் இறங்கும் நிலையம் இது. அடுத்த பெரிய ஊர் கோல லிப்பிஸ். 1955 வரை பகாங்கின் தலைநகர். பழைய ஆங்கிலேயர் கட்டடங்களோடு இன்று அமைதியாகத் தூங்கும் ஊர். அன்றிரவு அங்கே தங்கினோம்.

ரயில் நிலையத்துக்கு எதிரே தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். தண்டவாளப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் அதே வேலைதானாம். "எங்க ஊர்ல இருந்து வந்தவங்க கேங்குல கல்லு கொட்டுனாங்க. ஸ்டேஷன் மாஸ்டருங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க. ரெண்டு பேருக்கும் தமிழ்தான், ஆனா ஒரே பெஞ்சுல உட்கார மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

இரு முனைகளிலிருந்தும் கட்டிக்கொண்டு வந்த பாதை 1931 செப்டம்பரில்தான் இணைந்தது. பத்தே ஆண்டுகளில் ஜப்பானியர் வந்தார்கள். பாதையின் நடுப்பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து, சயாமிலிருந்து பர்மாவுக்குப் போடும் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்த பிறகும் பல வருடம் இந்தக் காட்டில் ரயில் இல்லை. 1950களின் தொடக்கத்தில்தான் முழுப் பாதையும் மறுபடி ஓடியது.

தண்டவாளத்தோடு மனிதர்களையும் கொண்டுபோனார்கள் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரண ரயில் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. கூட்டணிப் படைக் கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர் அதில் மாண்டதைத் திரைப்படங்கள் உலகுக்குச் சொல்லிவிட்டன. ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர்கள். வேலை, கூலி, அரிசி என்று சொல்லி லோரியில் ஏற்றினார்கள். பிறகு மூடிய சரக்கு ரயில் பெட்டி.

என் தாத்தா அப்படிப் போனவர், திரும்பி வந்தவர். பெரியம்மா அதற்குப் பிறகு பிறந்தவர். "அப்பா ரயில் சத்தம் கேட்டா சாப்பாட்டுல இருந்து எழுந்திருச்சுடுவாரு" என்று அந்த இரவு சொன்னார். இதை என் அம்மாகூட எனக்குச் சொன்னதில்லை. தாத்தா தோளில் சுமந்த இரும்பில் ஒரு துண்டாவது இந்தப் பாதையிலிருந்து போனதாக இருக்கலாம். மறுநாள் காலையில் ரயில் ஏறும்போது பெரியம்மா குனிந்து தண்டவாளத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஏறினார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மெராப்போவில் இறங்கினோம்

லிப்பிசுக்கு வடக்கே சுண்ணாம்புக் குன்றுகள் தலைகாட்டத் தொடங்குகின்றன. கிளந்தான் எல்லைக்குச் சற்று முன்னால் மெராப்போ. குகைகளுக்குப் பெயர்போன சிற்றூர். இந்த வட்டாரத்திலும் கிளந்தான், திரெங்கானு பக்கத்துக் காடுகளிலும் வாழ்பவர்கள்தான் பாத்தேக் மக்கள்.

நாட்டின் ஓராங் அஸ்லி சமூகத்தினர் சுமார் 2 லட்சம் பேர். மூன்று பெரும் பிரிவுகள், 18 இனக்குழுக்கள். அவற்றுள் ஆகச் சிறிய பிரிவு நெகிரித்தோ. பாத்தேக் அதில் ஒரு குழு. அவர்கள் பேசும் மொழி ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. கம்போடியாவின் கெமர் மொழியும் இந்தியாவின் சந்தாலியும் அதற்குத் தூரத்துச் சொந்தம்.

பாத்தேக் வாழ்க்கையை 1970களிலிருந்து உடனிருந்து ஆராய்ந்தவர்கள் அமெரிக்க மானிடவியலாளர்களான கிர்க் எண்டிகாட், கேரன் எண்டிகாட் தம்பதியர். அவர்கள் எழுதியதை முன்பே படித்திருந்தேன். சில குடும்பங்கள் சேர்ந்து காட்டில் ஒரு முகாம் போடுவார்கள். ஓலை வேய்ந்த சாய்ப்புக் குடில்கள். சுற்றுவட்டாரத்தில் காட்டுக் கிழங்கு தீர்ந்தாலோ, பிரம்பு தீர்ந்தாலோ முகாமைக் கலைத்து நடப்பார்கள். ஆண்கள் ஊதுகுழலில் நஞ்சு தோய்த்த அம்பு வைத்துக் குரங்கு வேட்டையாடுவார்கள். அந்த நஞ்சு ஈப்போ மரத்தின் பால். ஈப்போ நகரத்துக்குப் பெயர் தந்த அதே மரம். வேட்டையில் கிடைத்த கறி முகாமில் உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் போய்ச் சேர வேண்டும். அங்கே அது தர்மம் அல்ல, கடமை. ஆணுக்குப் பெண் தாழ்வில்லை. எண்டிகாட் தம்பதியர் 2008இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, தலைவர் ஒரு பெண் என்ற பொருள் தருவது.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மிருகங்களைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கக்கூடாது. சிரித்தால் கோபார் என்ற இடிதெய்வம் கோபித்துப் புயலை அனுப்பும் என்பது அவர்கள் நம்பிக்கை. குரங்குக்குச் சட்டை மாட்டி ஆடவிட்டுச் சிரிக்கும் நாம் அவர்கள் பக்கத்தில் குடியிருந்தால் தினமும் இடிதான்.

குகைகளுக்கு ஆள் அழைத்துப்போகும் மலாய்க்காரத் தம்பி ஒருவர், தமக்குத் தெரிந்த பாத்தேக் குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே எங்களைக் கூட்டிப்போனார். ஒலிப்பதிவுக் கருவியைப் பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை. நாங்கள் அரிசியும் மீன் டின்னும் வாங்கிப் போயிருந்தோம்.

நான் நினைத்துப் போன காட்டு முகாம் இல்லை. அரசாங்கம் கட்டிக்கொடுத்த பலகை வீடுகள். ஆனால் ஒரு வீட்டின் பின்பக்கம் ஓலைச் சாய்ப்பு ஒன்று இருந்தது. ஆட்கள் வீட்டில் இல்லை, அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குள் புழுக்கமாம்.

"கிராண்டு யார் பேர்ல?"

சாய்ப்பின் கீழே ஓர் அம்மா தாழை ஓலையில் பாய் முடைந்துகொண்டிருந்தார். பெரியம்மாவைவிட இளையவர். பெரியம்மா அவரை 'காக்' என்று கூப்பிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்துப் பாசார் மலாய் ஒரு பக்கம், காட்டுப் பாசார் மலாய் மறுபக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றாகவே புரிந்தன. பல்கலைக்கழகத்தில் படித்த என் மலாய்தான் அங்கே விறைப்பாக நின்றது.

முதலில் கிழங்கைப் பற்றிப் பேச்சு. மரவள்ளியைச் சுட்டால் நல்லதா, அவித்தால் நல்லதா. பிறகு முட்டிவலி. பிறகு பிள்ளைகள். அந்த அம்மாவின் மூத்த மகன் தோட்டத்தில் கூலிவேலைக்குப் போகிறாராம். என்ன தோட்டம் என்று கேட்டார் பெரியம்மா. "சாவிட்" என்றார் அந்த அம்மா. செம்பனை.

"முன்னே எங்கே இருந்தீங்க?" என்று பெரியம்மா கேட்டார்.

அந்த அம்மா கையை மூன்று பக்கமும் நீட்டிக் காட்டினார். அந்த ஆறு, அதற்கு அப்பால் இன்னோர் ஆறு, பழக்காலத்தில் அந்த மலை. இப்போது போவதில்லையா என்றதற்கு, போவோம், ஆனால் போகிற இடமெல்லாம் வெட்டிவிட்டார்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. மழை நின்றுவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பாய் முடையும் விரல்களையே பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்த வீட்டுக்குக் கிராண்டு இருக்கா? யார் பேர்ல?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். இல்லை என்று தலையாட்டினார். "உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல," என்றார் பெரியம்மா. "அம்பது வருஷமா இருக்கேன்."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமே அல்ல அது. கிளம்பும்போது பெரியம்மா கழுத்தில் கிடந்த துண்டை அந்த அம்மாவுக்குக் கொடுத்தார். அந்த அம்மா நான்கு சுட்ட கிழங்கை வாழையிலையில் சுற்றித் தந்தார். ரயிலில் அதைச் சாப்பிடும்போது பெரியம்மா சொன்னார்: "தோட்டத்துல தீபாவளிக்கு ஆடு வெட்டி லயம் பூரா கூறு போடுவோம். இவங்க தினமும் அப்படித்தான் போல."

சட்டம் என்ன சொல்கிறது?

நாடோடி என்ற சொல்லை நாம் திட்டுவதற்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். ஆனால் நாடோடிக்கு வழி தெரியும். எந்த மாதம் எங்கே தண்ணீர், எங்கே கிழங்கு என்று கணக்கு உண்டு. மங்கோலியாவிலும் அப்படித்தான். சுமார் 35 லட்சம் மக்கள் கொண்ட அந்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இன்னமும் மேய்ச்சலை நம்பி வாழ்கிறார். பருவத்துக்குப் பருவம் கூடாரத்தைப் பிரித்துக் கட்டுகிறார். அவர்களால் அப்படி வாழ முடிவதற்கு ஒரு காரணம், மேய்ச்சல் நிலத்தைத் தனியாருக்குச் சொந்தமாக்கக்கூடாது என்று 1992ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டமே சொல்வது. அங்கேயும் எல்லாம் சுகமில்லை. 'சூட்' எனப்படும் கொடும் பனிக்காலம் 2023, 2024இல் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றது. மந்தையை இழந்தவர்கள் கூடாரத்தோடு உலான்பாத்தாரின் புறநகருக்கு வந்து சேர்கிறார்கள். ஆனால் புல்வெளி யாருடையது என்ற கேள்விக்கு அங்கே எழுத்தில் ஒரு பதில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஆட்டு மந்தையோடு மாதக்கணக்கில் நடக்கிறார்கள். வயலுக்கு எருவாகும் என்பதால் விவசாயிகள் அவர்களை அழைத்துக் கிடை போடச் சொல்கிறார்கள். நடப்பவர்களுக்கும் ஊருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருந்தால் நாடோடி வாழ்க்கை யாருக்கும் பாரமில்லை.

இங்கே? 1954ஆம் ஆண்டின் பூர்வகுடியினர் சட்டப்படி, ஓராங் அஸ்லிக்கு நிலத்தில் குடியிருக்கும் உரிமை கொடுத்தாலும் அது விருப்பம்போல் திரும்பப் பெறக்கூடிய குத்தகையைவிட மேலானது அல்ல. படித்தபோது எங்கோ கேட்டது போலிருந்தது. லயத்து வீடும் அதுதானே. வேலை இருக்கும் வரை வீடு.

இதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்டவர்களும் சிலாங்கூர்க்காரர்கள்தான். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1995இல் டிங்கில், புக்கிட் தம்போயில் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. சகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். வழிவழியாக ஆண்ட நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டென்று 2002இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம்.

நம் தோட்டங்களின் கதையும் நீளம். 1950களில் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர்களின் மாதச் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை நாமே வாங்கலாம் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்படிக் காப்பாற்றப்பட்டவை சில, கைமாறிப் போனவை பல. புத்ராஜெயா எழும்பிய இடம் முன்பு பிராங் புசார் தோட்டம். வடக்குச் சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். அவர்கள் கேட்டது தங்கள் பெயரில் ஒரு கூரை.

செம்பனையும் நம் பின்னாலேயே வந்திருக்கிறது. பெர்ஜுந்தையில் தொடங்கிய மரம் குவா மூசாங்கின் ஆரிங், சிக்கு நிலத்திட்டங்கள் வரை போய்விட்டது. காடு சுருங்கச் சுருங்க, பாத்தேக் மக்கள் ஓரிடத்தில் தங்க நேர்ந்தது. 2019இல் கிளந்தானின் கோல கோ கிராமத்தில் பத்துக்கும் மேற்பட்ட பாத்தேக் மக்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம் தட்டம்மை என்று அந்த ஜூனில் சுகாதார அமைச்சு அறிவித்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஊசியில் தடுத்துவிடும் நோய். மரபுப்படி, முகாமில் ஒரு சாவு விழுந்தால் பாத்தேக் மக்கள் அந்த இடத்தைவிட்டு நடந்துவிடுவார்கள். நடந்துபோக இடம் இல்லாதபோது என்ன செய்வார்கள்?

தும்பாட் வரை

மெராப்போவுக்குப் பிறகு வரும் பாதைதான் இந்தப் பயணத்தின் உச்சம். குவா மூசாங்கில் நிலையத்துக்குப் பின்னாலேயே பாறைக் குன்று நிமிர்ந்து நிற்கிறது. டாபோங் பக்கத்தில் ஸ்தோங் மலையின் நீர்வீழ்ச்சி வெள்ளைக் கோடாகத் தெரியும். 2014 டிசம்பர் பெருவெள்ளம் கெமுபு ரயில் பாலத்தை அடித்துக்கொண்டு போனதையும், அது இல்லாமல் ஊர்மக்கள் பட்ட பாட்டையும் எதிரே உட்கார்ந்திருந்த கிளந்தான்கார அம்மா கதையாகச் சொன்னார். இந்த ஊர்களில் பலவற்றுக்கு நெடுங்காலம் ரயில்தான் சாலை.

தானா மேரா அருகே கிளந்தான் ஆற்றைக் கடக்கும் கில்லமார்ட் பாலம் 1925இல் திறக்கப்பட்டது. நாட்டின் ஆக நீளமான ரயில் பாலங்களில் ஒன்று. 1941இல் ஜப்பானியரைத் தடுக்க ஆங்கிலேயர்களே அதைத் தகர்த்தார்கள், 1948இல் மறுபடி திறந்தார்கள். ரயில் அதன்மேல் போகும்போது சத்தம் மாறும். வானொலிக்காரியான என் காது அதற்காகவே காத்திருந்தது. பிறகு பாசிர் மாஸ், வக்காப் பாரு, தென்னந்தோப்புகள், தும்பாட். கடல் காற்று.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பகல் ரயிலில் போங்கள், இல்லையென்றால் காடு தெரியாது. ஒரே மூச்சில் போகாமல் கோல லிப்பிசில் ஒரு ராத்திரி தங்குங்கள். நேரத்தையும் டிக்கெட்டையும் ரயில் நிறுவனத்தின் செயலியில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், தாமதம் சகஜம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஓராங் அஸ்லி கிராமத்துக்குத் தெரிந்தவர் வழியாக அனுமதி கேட்டுப் போங்கள். பிள்ளைகளைப் படம் பிடித்து வலைத்தளத்தில் போடாதீர்கள். காய்ச்சல், இருமல் இருந்தால் போகவே வேண்டாம். கோல கோ சொல்லும் பாடம் அது. முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள். ஜன்னலில் என்ன தெரிகிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

பெரியம்மாவின் பதில்

ஊர் திரும்பிய மறுவாரம் பூச்சோங் அண்ணன் தோட்டத்துக்கு வந்தார். நானும் இருந்தேன். எந்த அலமாரியை எடுக்கலாம், எதை விடலாம் என்று அவர் பேசத் தொடங்கியதும் பெரியம்மா கையமர்த்தினார்.

"நான் வர்றேன்ப்பா. ஆனா வாடகைக்கு இருக்கிற அந்த வீட்டுக்கு இல்ல. என் இ.பி.எஃப். காசு கொஞ்சம் இருக்கு. நீயும் போடு. சின்னதா இருந்தாலும் பரவால்ல, ஒரு வீடு வாங்குவோம். பத்திரத்துல என் பேரும் இருக்கணும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். காசு அவ்வளவு இருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெஸ்தாரி ஜெயாவிலேயே பழைய வீடு ஏதாவது விலைக்கு வருகிறதா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். கடிதத்தில் கொடுத்த கெடு முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

அம்மாவின் பெயரைப் பத்திரத்தில் சேர்க்க என்னென்ன பாரம் வேண்டும் என்று அண்ணன் நில அலுவலகத்தில் கேட்டு வந்திருக்கிறார். பெரியம்மா அந்தப் பாரங்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.